மியோசா: எங்கட குழாயில் வருகின்ற ஏரியின் கதை

புத்தாண்டு மலருக்கு "நீங்களும் ஏதாவது எழுதித் தாங்கோ" என்று சங்கத்தில் கேட்டபோது முதலில் நான் சம்மதிக்கவில்லை. நான் எழுத்தாளன் இல்லை. உயர்தரத்தோடு படிப்பு நின்றுபோனவன். இங்கே ஓர் உணவுத் தொழிற்சாலையில் மெசின் கழுவுவதும் பெட்டி அடுக்குவதுமாக என்ர காலம் போகின்றது. ஆனாலும் உயர்தரத்தில் நான் விரும்பிப் படித்த பாடம் புவியியல். நாட்டைப் பற்றி எழுத எங்களில் எத்தனையோ பேர் இருக்கின்றார்கள். நாங்கள் வந்து குடியேறிய இந்த இடத்தைப் பற்றி, ஒவ்வொரு நாளும் பஸ்ஸின் யன்னலால் நாங்கள் பார்க்கின்ற இந்த மியோசா ஏரியைப் பற்றி, ஒருவரும் எழுதவில்லையே என்று பிறகு யோசித்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஏரியை நான் கவனிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமையான காரணம் அல்ல.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருசம். பின்னேர வேலை முடிகின்ற நேரம். மெசின் கழுவிய சவர்க்காரத் தண்ணி இரண்டு வாளி மிஞ்சிப்போச்சு. உள்ளே இருந்த வடிகால் அடைத்து நின்றது. பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு வெளியே போய், முற்றத்தில் இருந்த இரும்புக் கம்பி மூடிக்குள் ஊற்றிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் எங்களோடு வேலை செய்த ஒரு வயதான நோர்வேஜியர் நிற்கின்றார். ஓய்வூதியத்துக்குப் போக ஒரு வருசமோ என்னவோ இருந்த மனுசன். அவர் சத்தம் போடவில்லை. "இது எங்கே போகுது தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். நான் தெரியாது என்றேன். அவர் பள்ளத்தில் தெரிந்த ஏரியைக் கையால் காட்டினார். "உள்ளே இருக்கிற வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது. இது மழைத்தண்ணிக்கான வடிகால். நேரே அங்கேதான் போகும். நாளைக்குக் காலமை நீ கோப்பி போடுகிற தண்ணியும் அங்கேயிருந்துதான் வரும்."

எனக்கு முகம் செத்துப்போச்சு. அடுத்த நாள் இடைவேளையில் அவர் தானாகவே வந்து என் பக்கத்தில் இருந்து 1976ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினார். அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னர் ஏரியை முதலில் அறிமுகம் செய்துவிடுகின்றேன்.

பனிக்கட்டி தோண்டிய பள்ளம்

நோர்வேயின் மிகப்பெரிய ஏரி மியோசா. வடக்கே லில்லஹம்மரில் தொடங்கி, மேற்குக் கரையில் யோவிக், கிழக்குக் கரையில் ஹாமார் என்று தெற்கே மின்னசுண்ட் வரை நீண்டு கிடக்கின்றது. நீளம் ஏறக்குறைய 117 கிலோமீற்றர். பரப்பளவு 360 சதுர கிலோமீற்றருக்கும் மேல். எங்கட கணக்கில் சொன்னால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மூன்றில் ஒரு பங்கு. ஆழமோ அதைவிட அதிசயம். மிக ஆழமான இடத்தில் ஏறக்குறைய 450 மீற்றர். பாரிஸில் இருக்கின்ற ஈபிள் கோபுரத்தை அப்படியே இறக்கி வைத்தாலும் அதன் நுனிக்கு மேலே இன்னும் நூறு மீற்றருக்கு மேல் தண்ணி நிற்கும். ஏரியின் மேற்பரப்பு கடல்மட்டத்துக்கு மேலே 123 மீற்றர். அப்படியென்றால் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் கீழே 300 மீற்றருக்கு மேல் என்பதை வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கட ஊர்க் குளங்கள் மனிதன் அணை கட்டி மழைத்தண்ணியை மறித்து உண்டாக்கியவை. இரணைமடுவும் அப்படித்தான். மியோசா அப்படி வந்தது அல்ல. பனியுகத்தில் மலைகளில் இருந்து இறங்கிய பனிக்கட்டி ஆறுகள் பள்ளத்தாக்கை அரத்தால் அராவுவது போல அராவித் தோண்டின. ஏறக்குறைய பத்தாயிரம் வருசங்களுக்கு முன்னர் பனிக்கட்டி உருகிப் பின்வாங்கியபோது அந்தப் பள்ளத்தில் தண்ணி நிறைந்தது. அதுதான் இந்த ஏரி.

ஏரிக்குள் வருகின்ற ஆறுகளில் பெரியது லோகன். நோர்வேயின் மிக உயர்ந்த மலையான கால்ஹொப்பிகனும் (2469 மீற்றர்) அதைச் சுற்றியுள்ள பனிமலைகளும் உருகுகின்ற தண்ணியில் பெரும்பங்கு இந்த ஆற்றின் வழியாகத்தான் வருகின்றது. தெற்கு முனையில் வொர்மா என்ற ஆறாக ஏரி வெளியேறுகின்றது. வொர்மா, நோர்வேயின் மிக நீளமான ஆறான குளோமாவோடு சேர்ந்து, கடைசியில் பிரெட்ரிக்ஸ்தாத்தில் கடலில் விழுகின்றது. ஆனால் உள்ளே வந்த தண்ணி உடனே வெளியே போய்விடுவது இல்லை. ஏரி அவ்வளவு பெரியபடியால் அதன் தண்ணி முழுவதும் மாறுவதற்குச் சராசரியாக ஆறு வருசம் அளவில் செல்லும். இந்த ஆறு வருசக் கணக்கை ஞாபகத்தில் வைத்திருங்கோ. கதைக்கு அது தேவை.

இன்னொரு விசயம் என்னை மிகவும் கவர்ந்தது. ஹாமாரைச் சுற்றியுள்ள பகுதி, நெஸ் என்ற பகுதி, ஏரியின் நடுவே இருக்கின்ற ஹெல்கோயா தீவு, எதிர்க்கரையில் தோத்தன் பகுதி, இவற்றின் நிலத்தடியில் பல இடங்களில் சுண்ணாம்புக்கல்லும் களிக்கல்லும் இருக்கின்றன. எங்கட குடாநாட்டின் அத்திவாரமும் சுண்ணாம்புக்கல்தானே! வயது மட்டும் வேறு. எங்கட சுண்ணாம்புக்கல் இளையது. இங்கே உள்ளது நாற்பது கோடி வருசத்துக்கும் மேற்பட்ட கிழட்டுக் கல். இந்தக் கல்லால்தான் இந்தக் கரைகளில் மண் இவ்வளவு வளமாக இருக்கின்றது. கோதுமையும் பார்லியும் உருளைக்கிழங்கும் விளைகின்ற, நோர்வேயின் மிகச் சிறந்த தோட்ட நிலங்களில் ஒரு பகுதி இங்கேதான் உள்ளது.

ஏரிக்கரையில் மனிதன்

வளமான மண்ணும் தண்ணிப் பாதையும் இருக்கின்ற இடத்தில் மனிதன் குடியேறாமல் விடுவானா? 1150களில் ஹாமாரில் கத்தோலிக்க ஆயரின் ஆசனம் அமைந்தது. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் ஒரு பேராலயம் கட்டினார்கள். 1567இல் சுவீடன் படைகள் வந்து அதை அழித்துவிட்டுப் போயின. மிஞ்சிய நாலு வளைவுத் தூண்களும் இன்றைக்கும் ஏரிக்கரையில் நிற்கின்றன. பனியும் குளிரும் கல்லைத் தின்னாமல் இருக்க, 1998இல் அதன் மேல் பெரிய கண்ணாடிக் கூடாரம் ஒன்றைக் கட்டிப் பாதுகாத்து வருகின்றார்கள். ஊரை விட்டு வந்த பிறகு இடிந்த சுவர்களைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. என்றாலும் இந்தச் சுவரை நான் பிள்ளைகளுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கின்றேன். நானூறு வருசத்துக்கு மேலான இடிபாட்டையும் குப்பை என்று தள்ளாமல் காப்பாற்றுகின்ற சனம் இவர்கள்.

1854இல் நோர்வேயின் முதலாவது பிரதான ரயில்பாதை தலைநகரில் இருந்து ஐட்ஸ்வொல் வரை போடப்பட்டது. ஏன் ஐட்ஸ்வொல்? அங்கே ரயிலால் இறங்கி ஆவிக்கப்பலில் ஏறினால் ஏரி வழியாக லில்லஹம்மர் வரை போகலாம். அந்தக் காலத்தில் மியோசாதான் இந்தப் பகுதியின் நெடுஞ்சாலை. 1856இல் ஓடத் தொடங்கிய ஷிப்ளாட்னர் என்ற துடுப்புச் சில்லுக் கப்பல் இன்றும் கோடையில் ஓடுகின்றது. இடையில் 1937இலும் 1967இலும் தாண்டு போய் மீண்டும் தூக்கப்பட்ட கப்பல் அது. "மியோசாவின் வெள்ளை அன்னம்" என்று அதைச் செல்லமாகச் சொல்வார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்த பிறகு கப்பலுக்குப் பதில் குதிரைகள். பனிக்கட்டி மேலேயே சறுக்குவண்டியில் சாமான் ஏற்றி இறக்கினார்களாம். ஏரியின் குறுக்கே மியோசா பாலம் வந்தது 1985இல்தான்.

வெள்ளமும் இந்த ஏரியோடு பிறந்தது. 1789 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தை இங்கே இன்றும் பெயர் சொல்லி நினைவுகூருகின்றார்கள். 1995 ஜூனிலும் பெரிய வெள்ளம். 2023 ஆகஸ்டில் "ஹன்ஸ்" என்ற புயல்மழை வந்தபோது ஏரி ஏறி வந்ததை எங்களில் பலர் கண்ணால் பார்த்தோம். சாதாரண வருசங்களில் அணைகளால் ஏரியின் மட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றார்கள். மேலும் கீழுமாக மூன்றரை மீற்றர் அளவில் அது மாறும். சித்திரை மாதத்தில்தான் ஏரி மிகவும் வற்றிக் கிடக்கும். மலையில் பனி உருகுகின்ற தண்ணிக்கு இடம் விட்டு வைத்திருக்கின்றார்கள். புத்தாண்டு நாளில் கரைக்குப் போனால் கல்லும் சேறும் வெளியே தெரிவதன் காரணம் இதுதான்.

தண்ணிக்குள் வாழ்கின்றவை

நாலு பாகை சென்ரிகிரேட்டில்தான் தண்ணி மிகவும் பாரமாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதை மியோசாவில் அப்படியே காணலாம். ஆழத்தில் வருசம் முழுவதும் ஏறக்குறைய நாலு பாகைதான். கோடையில் மேலே சூடான தண்ணி மிதக்கும். குளிர்காலத்தில் மேலே உறைகின்ற குளிர்த்தண்ணியும் பனிக்கட்டியும் மிதக்கும். இடையில் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் முழு ஏரியும் ஒரே வெப்பநிலைக்கு வருகின்றபோது காற்று அதைக் கலக்கிவிடும். அப்போது மேலே உள்ள ஒட்சிசன் கீழே போகும். ஏரி மூச்சு விடுகின்ற நேரம் அது.

இருபது அளவிலான மீன் இனங்கள் இங்கே உண்டு. அவற்றுக்குள் அரசன், ஹுண்டர் ட்ரவுட் என்ற பெரிய மீன். பத்துக் கிலோவுக்கு மேலும் வளரும். ஏரியில் சின்ன மீன்களைத் தின்று கொழுத்து, முட்டையிடுவதற்கு லோகன் ஆற்றில் ஏறி ஹுண்டர்பொஸ்சன் நீர்வீழ்ச்சிப் பக்கம் போகும். 1960களில் அங்கே மின்சாரத்துக்கு அணை கட்டியபோது மீன் ஏறுவதற்குப் படிக்கட்டும் வைத்தார்கள். மீன்குஞ்சு வளர்த்தும் விடுகின்றார்கள். இலையுதிர்காலத்தில் லில்லஹம்மர்ப் பக்கம் ஆற்று வாயில் சிறிய வெள்ளி மீன்களை வலை போட்டுப் பிடிப்பதும் பழைய காலத்து வழக்கம். எங்கட கூனி இறாலைப் போன்ற ஓர் உயிரினமும் ஆழத்தில் உண்டு. மைசிஸ் என்று பெயர். பனியுகக் காலத்துத் தண்ணியில் வாழ்ந்து, பனிக்கட்டி போன பிறகு இங்கே ஒதுங்கிப்போன இனம் அது. அதுவும் ஒரு வகையில் எங்களைப் போலத்தான் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

ஹாமாரில் ஓக்கர்ஸ்விக்கா என்ற சேற்று விரிகுடா உண்டு. பறவைகள் வந்து தங்குகின்ற இடம். 1974இல் இதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கினார்கள். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையில் நோர்வே முதன்முதலில் சேர்த்த இடம் இதுதான். 1994 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கவிழ்த்த கப்பல் போன்ற கூரையோடு பெரிய மண்டபம் கட்டினார்களே, அதைப் பறவைகளுக்குக் கிட்டக் கட்டலாமா என்று அப்போது பெரிய வாக்குவாதமே நடந்தது.

1976: ஏரி நாறிய கோடை

இனி அந்த வயதானவர் சொன்ன கதைக்கு வருகின்றேன்.

யுத்தத்துக்குப் பிறகு, 1950களிலும் 60களிலும் நோர்வேயில் வாழ்க்கை வசதி கூடியது. வீட்டுக்கு வீடு தண்ணி அடிக்கின்ற மலசலகூடம் வந்தது. சலவை மெசின் வந்தது. சலவைத்தூளில் பொசுபேற்று இருந்தது. தோட்டங்களில் செயற்கைப் பசளை கூடியது. மாட்டுக்குப் புல்லை ஊறப்போட்டு வைக்கின்ற குழிகளில் இருந்து சாறு வடிந்தது. கரையோரத்தில் பால், இறைச்சி, உருளைக்கிழங்கு, மரக்கூழ் என்று தொழிற்சாலைகள். இவற்றின் கழிவெல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்தது எங்கே? ஏரிக்குத்தான். "இவ்வளவு பெரிய ஏரிக்கு இது என்ன செய்யும்" என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். எனக்கு அதைக் கேட்டபோது என்ர இரண்டு வாளியும் ஞாபகம் வந்தது.

இதற்குள் இருக்கின்ற இரசாயனம் இலகுவானது. நன்னீரில் அல்கா வளரப் பல போசணைகள் வேண்டும். அவற்றில் வழக்கமாகத் தட்டுப்பாடாக இருப்பது பொசுபரசு. அது குறைவாக இருக்கும் வரை அல்காவும் அடக்கமாக இருக்கும். மலத்தில் பொசுபரசு, சலவைத்தூளில் பொசுபரசு, பசளையில் பொசுபரசு. வாசலைத் திறந்துவிட்டது போல அல்கா பெருகியது. போன தண்ணி திரும்ப ஆறு வருசம் என்று சொன்னேனே, ஆகவே கொட்டியதும் உடனே போய்விடவில்லை.

1976 கோடை வெக்கையும் வறட்சியுமான கோடை. அந்த வருசம் இழை இழையான நீலப்பச்சை அல்கா ஏரியில் பெருவாரியாகப் பெருகியது. குழாய்த் தண்ணியில் சேற்று நாற்றம். அப்போது எங்கட மனுசனுக்கு முதல் பிள்ளை பிறந்து சில மாதங்கள். "தண்ணியைக் கொதிக்க வைத்தாலும் மணம் போகவில்லை. என்ர மனைவி பால் கரைத்துவிட்டு முகர்ந்து பார்ப்பாள். பிறகு ஊற்றிவிடுவாள். உறவினர் வீட்டுக் கிணற்றில் தண்ணி அள்ளக் காரில் போனேன்" என்றார். உலகத்திலேயே நல்ல தண்ணி உள்ள நாடு என்று நாங்கள் நினைக்கின்ற நாட்டில், நோர்வேயின் மிகப்பெரிய ஏரிக்கரையில் இருந்துகொண்டு, ஒரு தகப்பன் பிள்ளையின் பால்மாவுக்கு வாளியோடு தண்ணி தேடிப் போயிருக்கின்றான். நாங்கள் மட்டும்தான் இடம்பெயர்ந்து தண்ணிக்கு வரிசையில் நின்றவர்கள் என்று நினைத்திருந்த எனக்கு அது புதுச் செய்தி.

ஏரியைத் திருப்பி எடுத்தது எப்படி?

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். "மியோசா நடவடிக்கை" என்று ஒரு பெரும் வேலைத்திட்டம் தொடங்கி 1980களின் தொடக்கம் வரை நடந்தது. அப்போது சுற்றாடல் அமைச்சராக இருந்தவர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அம்மையார். பிற்காலத்தில் 1981இல் நோர்வேயின் முதலாவது பெண் பிரதமரானவரும், 1987இல் "எமது பொதுவான எதிர்காலம்" என்ற பெயரில் வந்த ஐக்கிய நாடுகள் அறிக்கையைத் தயாரித்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

ஒரே ஒரு தொழிற்சாலையைப் பூட்டி முடிக்கக்கூடிய பிரச்சினையாக இது இருக்கவில்லை. குற்றவாளி எல்லோரும்தான். ஆகவே வேலையும் எல்லோருக்கும் பிரிக்கப்பட்டது. நகரசபைகள் கழிவுநீர்க் குழாய் போட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. இரும்பு அல்லது அலுமினிய உப்பைப் போட்டுப் பொசுபரசைப் படிய வைத்து எடுக்கின்ற முறை அங்கே பாவிக்கப்பட்டது. குழாய் போகாத தனி வீடுகளும் தங்கட கழிவுக்குழியைத் திருத்த வேண்டி வந்தது. கமக்காரர் எருக்கிடங்குகளையும் புற்சாறு வடிகின்ற குழிகளையும் ஒழுகாமல் திருத்திக் கட்டினார்கள். தொழிற்சாலைகள் கழிவைக் கட்டுப்படுத்தின. வீட்டுப் பெண்கள் பொசுபேற்று இல்லாத சலவைத்தூளுக்கு மாறினார்கள். அரசாங்கம் பணமும் கடனும் கொடுத்தது. கோடிக்கணக்கான குரோனர் செலவானது.

எல்லோரும் விரும்பிச் செய்தார்களோ என்று அவரைக் கேட்டேன். சிரித்தார். அவருடைய மாமனார் கமக்காரராம். "என்ர பாட்டன் காலத்தில் இருந்து எரு அங்கேதான் கிடக்குது. இப்ப வந்து குழி கட்டச் சொல்லுகினம்" என்று இரண்டு வருசம் திட்டினாராம். பிறகு கட்டினாராம். பேரப்பிள்ளை அந்தத் தண்ணியைத்தானே குடிக்க வேண்டும்!

பலன் ஒரே நாளில் வரவில்லை. ஆனால் வந்தது. வருசத்துக்கு வருசம் பொசுபரசு குறைந்தது. அல்கா குறைந்தது. நாற்றம் போனது. கெட்டுப்போன பெரிய ஏரி ஒன்றை மனிதன் நினைத்தால் திருப்பி எடுக்கலாம் என்பதற்கு மியோசா ஓர் எடுத்துக்காட்டு. இன்றைக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் இந்த ஏரித்தண்ணியைக் குடிக்கின்றார்கள். அவர்களில் நாங்களும் அடக்கம்.

கதை முடியவில்லை

கதை இத்தோடு சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அப்படி இல்லை.

2000களின் தொடக்கத்தில் ஏரி மீன்களில் புரோமின் சேர்ந்த தீத்தடுப்புப் பொருட்கள் அதிகமாக இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. துணியிலும் மின்சாதனங்களிலும் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கின்ற இரசாயனம் அது. பாதரசமும் மீனில் உண்டு. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, பெரிய மீனின் உடம்பில் அது சேர்ந்துகொண்டே போகும். எங்கட ஆட்கள் கோடையில் தூண்டிலோடு போவது எனக்குத் தெரியும். ஆகவே சொல்லுகின்றேன்: கர்ப்பிணிகளும் பால் கொடுக்கின்ற தாய்மாரும் சிறுபிள்ளைகளும் ஏரியில் பிடித்த பெரிய ட்ரவுட் மீன் (ஒரு கிலோவுக்கு மேற்பட்டது), பைக் மீன், பெரிய பேர்ச் மீன் ஆகியவற்றைச் சாப்பிடக்கூடாது என்பது நோர்வே உணவு அதிகாரிகளின் அறிவுரை. கறி எவ்வளவு ருசியாக இருந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ரௌபொஸ் வெடிமருந்துத் தொழிற்சாலையின் கழிவு வெடிமருந்துகள் 1940களில் இருந்து 1970கள் வரை நூற்றுக்கணக்கான தொன் அளவில் ஏரிக்குள் கொட்டப்பட்டன. அதைத் தேடி 2022இல் இயந்திரத்தை ஆழத்துக்கு அனுப்பியபோது 400 மீற்றருக்கும் கீழே பல நூற்றாண்டு பழைய மரக்கப்பல் ஒன்று கிட்டத்தட்ட முழுசாகக் கண்ணில் பட்டது. ஏரி நல்லதையும் கெட்டதையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கின்றது. நாங்கள் போட்டதை அது மறப்பது இல்லை.

வெக்கையும் கூடிக்கொண்டு போகின்றது. முந்தி பெரும்பாலான குளிர்காலங்களில் முழுவதும் உறைந்த ஏரி இப்போது பல வருசங்களில் முழுதாக உறைவது இல்லை. அண்மைக் காலத்தில் சில கோடைகளில் நீலப்பச்சை அல்கா மீண்டும் தலைகாட்டியிருக்கின்றது. 1976ஐக் கண்டவர்களுக்கு அது வயிற்றில் புளி கரைக்கின்ற செய்தி.

எங்கட கிணறும் இந்த ஏரியும்

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு வலிகாமத்தில் எங்கட வளவுக் கிணறுதான் கண்ணுக்குள் நிற்கின்றது. அப்பா வெங்காயத் தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக யூரியா போட்டவர். விளைச்சல் நல்லாய் வந்தது. ஆனால் சுண்ணாம்புக்கல் ஓட்டை விழுந்த கல். மேலே போட்டது கீழே போகும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதை 1980களிலேயே ஆராய்ந்து சொல்லியிருக்கின்றார்கள். பசளையும், கிணற்றுக்குக் கிட்ட இருக்கின்ற மலசலகூடக் குழிகளும் காரணம். இங்கே பொசுபரசு, அங்கே நைதரசன். இங்கே ஏரி, அங்கே நிலத்தடி நீர். விசயம் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், அந்த 1980களில் இங்கே குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே நாங்கள் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தோம். யுத்தம் தின்றது உயிரையும் வீட்டையும் மட்டும் அல்ல, இப்படியான வேலைகளைச் செய்திருக்கக்கூடிய காலத்தையும்தான்.

போன மாரிக்கு முந்தி ஊருக்குக் கதைத்தபோது அப்பா "கிணத்துத் தண்ணி குடிக்கிறேல்லை, போத்தில் தண்ணிதான்" என்றார். நான் சின்னனில் கப்பியால் அள்ளிக் கையை ஏந்திக் குடித்த கிணறு அது. ஏரியையே திருப்பி எடுக்கலாம் என்றால் கிணற்றையும் திருப்பி எடுக்கலாம்தானே என்று அவரிடம் சொன்னேன். "ஒரு ஆள் செய்யிற வேலையே அது?" என்றார். இல்லைத்தான். இங்கேயும் ஓர் ஆள் செய்யவில்லை.

"இது வெள்ளைக்காரன்ர ஏரி, எங்களுக்கு என்ன" என்று எங்களில் சிலர் நினைக்கக்கூடும். நானும் அப்படி நினைத்துத்தான் வாளியைக் கவிழ்த்தேன். ஆனால் என்ர மகள் நீந்தப் பழகியது இந்த ஏரியில். அவள் பள்ளிக்கூடத்தில் "உன்ர ஊர் எது" என்றால் இந்தக் கரையைத்தான் சொல்லுவாள். ஆகவே நாங்களும் செய்யக்கூடிய சின்ன வேலைகள் உண்டு. வருசப் பலகாரம் சுட்ட எண்ணெயைக் கழுவுதொட்டிக்குள் ஊற்றாமல் போத்திலில் அடைத்துக் குப்பைச் சேகரிப்புக்குக் கொடுக்கலாம். காரை வீட்டு வாசலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி மழை வடிகாலுக்குள் விடாமல் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோகலாம். மிஞ்சிய மருந்தைக் கழிப்பறைக்குள் போடாமல் மருந்துக்கடையில் ஒப்படைக்கலாம். வேலைத்தலத்தில் வாளி கழுவுகின்ற என்னைப் போன்றவர்கள், எந்த வடிகால் எங்கே போகின்றது என்று முதல் நாளே கேட்டு அறியலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் விட்டதற்காக வெட்கப்பட்டவன் சொல்லுகின்றேன்.

அந்த வயதானவர் ஓய்வு பெற்றுப் போய் இப்போது பல வருசமாகிவிட்டது. புதிதாக வேலைக்கு வருகின்ற எரித்திரியா, சிரியா, உக்ரேன் பிள்ளைகளுக்கு முற்றத்துக் கம்பி மூடியைக் காட்டி, "இது எங்கே போகுது தெரியுமோ?" என்று இப்போது நான்தான் கேட்கின்றேன்.

இந்தச் சித்திரையிலும் மருத்துநீர் வைத்துத் தோய்வோம். மருத்துநீர் எங்கட. தலையில் ஊற்றுகின்ற தண்ணி மியோசாவினுடையது. இரண்டும் சேர்ந்துதான் இனி எங்கட பிள்ளைகளின் வருசம் பிறக்கப்போகின்றது.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.